ஆணுறையும் விந்தணுக்கொல்லியும்: தமிழக-கேரள எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

ஓய்வுபெற்ற சமுதாய சுகாதார செவிலியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (குலசேகரம்): சிஸ்டர், ஆணுறை அணிந்தும் சிலருக்குக் கரு நிற்கிறதே, அதை நம்பலாமா?

பதில்: நம்பலாம். விந்தணு கருமுட்டையைச் சென்றடையாமல் தடுப்பதே அதன் வேலை. உடலுக்குள் எந்த மருந்தும் போவதில்லை. ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தும் தம்பதியரில், ஓராண்டில் 100 பெண்களுக்குச் சுமார் 2 பேர் கருத்தரிக்கிறார்கள். நடைமுறையில் அது சுமார் 13 ஆகிறது. பாதியில் அணிவது, நுனியில் காற்றை விட்டுவைப்பது, முடிந்ததும் அடிப்பகுதியைப் பிடிக்காமல் விலகுவது, "இன்று ஒருநாள்தானே" என்று விட்டுவிடுவது ஆகியவையே பெரும்பாலும் காரணம்.

கேள்வி (களியக்காவிளை): வழுவழுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய் இல்லாத வீடு நம் பக்கத்தில் கிடையாது என்பதால், இக்கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969-ல் உற்பத்தி தொடங்கிய ஆணுறைகள் உட்படப் பெரும்பாலானவை ரப்பர் பாலில் செய்யப்படுபவை. எண்ணெய் பட்டால் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும், ஆனால் பார்வைக்கு எதுவும் தெரியாது. ரப்பர் பால்வெட்டும் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியிருப்பது வேடிக்கைதான். வாசலினும் வெண்ணெயும் இதே கேட்டைத்தான் செய்யும். தேவைப்பட்டால் நீர் அல்லது சிலிக்கோன் கலந்த ஜெல்லை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (செங்கோட்டை): கணவர் புனலூரில் வேலை செய்கிறார், எப்போதாவதுதான் வருவார். யோனிக்குள் வைக்கும் கருத்தடை மாத்திரை மட்டும் போதுமா?

பதில்: போதாது. அதிலுள்ள நோனாக்சினால்-9 என்ற விந்தணுக்கொல்லி மருந்து, விந்தணுவின் மேற்சவ்வைச் சிதைத்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் மாத்திரை கரைவதற்குச் சுமார் 10 நிமிடம் காத்திருக்கவேண்டும். அதன் வேகம் ஏறக்குறைய ஒரு மணி நேரமே நிற்கும். அடுத்த உறவுக்கு அடுத்த மாத்திரை வேண்டும். 6 மணி நேரத்துக்கு உட்புறத்தைக் கழுவவும் கூடாது. இதைத் தனியாக நம்பினால் ஓராண்டில் 100 பேரில் 20-க்கும் மேற்பட்டோர் கருத்தரிக்கக்கூடும். ஆணுறையோடு சேர்த்தால் காப்பு கூடும். அடிக்கடி பயன்படுத்தினால் யோனியின் உட்சுவர் புண்ணாகி எச்ஐவி தொற்ற எளிதாகும் என்பதால், அந்த ஆபத்து உள்ளவர்களுக்கு இது ஆகாது.

கேள்வி (கம்பம்): இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணியலாமா?

பதில்: வேண்டாம், உரசிக் கிழியும்.

கேள்வி (குமுளி): கிழிந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசரகாலக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரமாகப் போட்டுக்கொள்ளவேண்டும். 5 நாட்களுக்குள் மருத்துவரிடம் சென்றால் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி கருத்தடைச் சாதனத்தைப் பொருத்திக்கொள்ளவும் வழியுண்டு. மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.