என்எச்எல் ஆல் ஸ்டார் டீமை யார் செலக்ட் பண்ணா நியாயமா இருக்கும்?

டர்பன்ல இருந்து எழுதுறேன், இங்க ஹாக்கின்னா புல்லுல ஆடுறதுதான், அமெரிக்கா, கனடா டீமுங்க ஆடுற என்எச்எல் ஐஸ் ஹாக்கி லீக் பாக்கணும்னா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருக்கணும், நானும் என் மச்சானும் அந்த பைத்தியங்க.

முதல்ல ஒண்ணு, ஆல் ஸ்டார் கேம் வேற, சீசன் முடிஞ்சப்புறம் அறிவிக்கிற ஆல் ஸ்டார் டீம் வேற. கேம் ஒரு ஷோ, அதுல ரசிகருங்க ஓட்டு போட்டா தப்பில்ல. 2016ல ஜான் ஸ்காட்னு சண்டைக்குப் பேர் போன ஆள, கோல் அடிக்கிறதே அபூர்வம், கிண்டலுக்கு ஓட்டு போட்டு கேப்டனாக்கிட்டாங்க, மனுஷன் நாஷ்வில்ல நடந்த அந்த கேம்ல ரெண்டு கோல் போட்டு, சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி பட்டத்த வாங்கிட்டுப் போனாரு! எனக்கு அது ரொம்பப் புடிச்சது.

ஆனா சீசன் டீம் ரெக்கார்டுல நிக்கிற விஷயம். ஹாக்கி பத்திரிகையாளருங்கதான் ஓட்டு போடுறாங்க, ஒரு கோல்கீப்பர், ரெண்டு டிஃபென்ஸ்மேன், முன்னாடி ஆடுற ஃபார்வர்டுல சென்டர், லெஃப்ட் விங், ரைட் விங்னு மூணு பேர். இப்படி முதல் டீம், ரெண்டாவது டீம்னு ரெண்டு எடுப்பாங்க. இங்கதான் கோளாறு. 2013ல வாஷிங்டன் டீமோட ஸ்டார் ஒவெச்கின் லெஃப்ட் விங்ல இருந்து ரைட் விங்குக்கு மாறிட்டாரு, சில பேர் பழைய நெனப்புல லெஃப்ட்லயே ஓட்டு போட, ஒரே ஆளு முதல் டீம்ல ரைட் விங், ரெண்டாவது டீம்ல லெஃப்ட் விங். அப்ப யாரோ ஒருத்தனோட எடம் போச்சா இல்லையா?

என்னக் கேட்டா விங் பேரையே தூக்கிட்டு நல்லா ஆடுன மூணு ஃபார்வர்டுன்னு எடுக்கணும். கூடவே கோச்சுங்களுக்கும் ஒரு பங்கு ஓட்டு, ஆனா சொந்த டீம் ஆளுக்கு போடக்கூடாது. கோல் கணக்குல தெரியாத டிஃபென்ஸ் வேலைய எதிர்ல நிக்கிற கோச்சுக்குத்தான் நல்லா தெரியும்.