டிரம்ஸ் ஏன் பியானோவாகக் கேட்கிறது?

கேள்வி: நண்பர் தன் மெட்டை மிடி ஃபைலாக அனுப்பினார். ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் திறந்தேன்; சத்தமே வரவில்லை. ஒரு பியானோ பிளக்-இன் (ரீப்பருக்குள் வாத்திய ஒலி தரும் துணை மென்பொருள்) போட்டதும் டிரம்ஸ், பேஸ், புல்லாங்குழல் எல்லாமே பியானோவாகக் கேட்கிறது. குழலில் இருந்த கமகங்களையும் காணோம். ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. மிடி ஃபைலுக்குள் சத்தம் என்று எதுவும் கிடையாது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தமாகத் தொட்டார், எப்போது விட்டார் என்ற குறிப்பு மட்டும்தான். பாட்டு நோட்டில் எழுதிய ஸ்வரம் மாதிரி. வாசிக்க நீங்கள்தான் ஆள் வைக்க வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு, ஒலியையே பதிந்து வைக்கும் வேவ் ஃபைலாக 40 எம்பி வரும். மிடியாக சில பத்து கேபிதான்.

ஃபைலை உள்ளே இழுக்கும்போது, தனித்தனி ட்ராக்குகளாகப் பிரிக்கவா என்று ரீப்பர் கேட்கும். பிரிக்கச் சொல்லுங்கள். டெம்போவையும் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டால் அதற்கும் சரி சொல்லுங்கள். அப்புறம் ட்ராக்குக்கு ஒரு பிளக்-இன்.

டிரம்ஸ் பெரும்பாலும் 10-ஆம் சேனலில் இருக்கும். 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது விதிமுறை வகுத்த வழக்கம் அது. மிடியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு; இந்த வழக்கப்படி 36-ஆம் எண் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹேட். பியானோவிலோ 36 என்பது நடு ஸி-க்கு இரண்டு ஆக்டேவ் கீழே உள்ள ஒரு கட்டை, அவ்வளவுதான். நீங்கள் கேட்ட அந்த 'டொங் டொங்' நண்பரின் கிக் டிரம்தான். டிரம் பிளக்-இன்னை மாட்டினால் சரியாகிவிடும். தபலா, மிருதங்கம் என்றால் இந்த வழக்கம் கைகொடுக்காது. எந்த எண்ணில் எந்தச் சொல் என்பது சவுண்ட் லைப்ரரிக்கு லைப்ரரி மாறும், 'தா' இருக்க வேண்டிய இடத்தில் 'தொம்' விழும். நண்பர் வைத்திருக்கும் அதே லைப்ரரி உங்களிடம் இல்லையென்றால் ஒவ்வொன்றாக நகர்த்துவதைத் தவிர வழியில்லை. அலுப்பான வேலைதான்.

கமகம் காணாமல் போனதுதான் எனக்குப் பிடித்த சிக்கல். கீபோர்டில் சக்கரத்தை உருட்டி வளைப்பது, மிடியில் பிட்ச் பெண்ட் என்று 0 முதல் 16383 வரையிலான ஓர் எண்ணாகப் பதிவாகிறது. நடுவில் 8192 என்றால் வளைவே இல்லை. ஆனால் முழுதாக வளைத்தால் எத்தனை ஸ்வரஸ்தானம் தாண்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது பிளக்-இன். நம்மூரில் கமகம் வாசிப்பவர்கள் அதை 12 வரைகூட வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலான பிளக்-இன்கள் 2-இல்தான் திறக்கும். நண்பர் 12 வைத்து ரி-யிலிருந்து க-வுக்கு இரண்டு ஸ்தானம் இழுத்தது, உங்களிடம் ஒரு ஸ்தானத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். காதுக்குத் தட்டையாகத்தான் இருக்கும். எத்தனை வைத்திருந்தார் என்று கேட்டு, குழல் பிளக்-இன்னில் 'பெண்ட் ரேஞ்ச்' என்ற இடத்தில் அதே எண்ணைப் போடுங்கள்.

அடுத்த முறை அவரை மிடியோடு ஒவ்வொரு ட்ராக்கையும் வேவாகவும் அனுப்பச் சொல்லுங்கள். எல்லாம் பாட்டின் முதல் பாரிலிருந்தே (முதல் தாள அளவிலிருந்தே) தொடங்கட்டும். குழல் இரண்டாம் சரணத்தில்தான் வருகிறது என்றாலும்.