லினக்ஸ்ல மானிட்டர் தானா அணைஞ்சு உடனே மறுபடி எரியுது, எப்படி சரி பண்றது?

இதே பிரச்சினையால மூணு வாரம் தூக்கத்தைத் தொலைச்சவன் நான், அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

பத்து நிமிஷத்துல ஸ்கிரீன் அணையணும்னு செட்டிங்ஸ்ல வச்சிருக்கீங்க, அணையுது, ஆனா அஞ்சாறு செகண்ட்ல யாரும் தொடாமலே திரும்ப எரியுது, இதானே நீங்க கேட்டது. நீங்க சொல்லல, ஆனா சிஸ்டம் பெட்ரூம்லதான் இருக்கும்னு நினைக்கிறேன். ஹால்ல இருந்தா இதை யாரும் இவ்ளோ சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், போன்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன், கமாண்டையும் தமிழ்லயேதான் எழுதப்போறேன், டெர்மினல்ல நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. அப்புறம் நான் கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) எழுதுற ஆள் எல்லாம் இல்ல, வீட்ல லினக்ஸ் வச்சிருக்கற சாதாரண யூசர். தப்பு இருந்தா கமெண்ட்ல மரியாதையா சொல்லுங்க, திருத்திக்கறேன்.

என் கதை என்னன்னா, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து டிஸ்ட்ரோவ (நான் போட்டிருக்கற லினக்ஸ் வகை) அடுத்த வெர்ஷனுக்கு அப்கிரேட் பண்ணேன். அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடுச்சு. லைட்டெல்லாம் அணைச்சுட்டுப் படுத்தா திடீர்னு ரூமே வெள்ளையா ஆகுது, பார்த்தா லாக் ஸ்கிரீன் ஜம்முனு எரிஞ்சிட்டு இருக்கு. எந்திரிச்சுப் போறதுக்குள்ள அணைஞ்சிடும், படுத்தா மறுபடி. "ஏங்க, அந்த டப்பாவத்தான் நிறுத்துங்களேன், மூஞ்சியிலயே அடிக்குது"ன்னு வீட்ல ஒரே பாட்டு. மானிட்டர் பட்டனை அமுக்கிட்டுப் படுக்க வேண்டியதுதானேன்னு நீங்க கேக்கலாம். கேக்காதீங்க. எல்லாரும் அதான் கேட்டாங்க. தானா அணையணும்னு ஒரு வசதி இருக்கறப்போ அது ஏன் வேலை செய்யலன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது, அது என் வியாதி.

அப்கிரேட் பண்ண அன்னைக்கே வந்துச்சா, அதனால அப்கிரேட்தான் குற்றவாளின்னு முடிவே பண்ணிட்டேன். நான் அப்போ எக்ஸ்11ல (ஸ்கிரீன்ல எல்லாத்தையும் காட்டற பழைய முறை) இருந்தேன், அதோட செட்டிங்ஸைக் காட்டற 'எக்ஸ்செட் கியூ' கமாண்டை அடிச்சா கடைசியில டிபிஎம்எஸ் (மானிட்டரைத் தூங்கவைக்கற வசதி) எனேபிள்னு காட்டும், ஸ்டாண்ட்பை, சஸ்பெண்ட், ஆஃப்னு மூணு டைம் செகண்ட் கணக்குல இருக்கும், எனக்கு மூணும் 600. இந்த டிபிஎம்எஸ்ங்கறது 1993ல வெசாங்கற டிஸ்ப்ளே தர அமைப்பு கொண்டுவந்தது, குண்டு மானிட்டர் காலத்து சமாச்சாரம், விஜிஏ கேபிள்ல ரெண்டு சிங்க் சிக்னல்ல எது நிக்குதுன்னு பார்த்து மானிட்டர் எவ்ளோ ஆழமா தூங்கணும்னு முடிவு பண்ணும். இப்போ ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட்ல அந்த மூணு நிலைக்கும் பெருசா அர்த்தமில்ல, சிக்னல் இருக்கா இல்லையா அவ்ளோதான், பேர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

சரின்னு 'எக்ஸ்செட் டிபிஎம்எஸ் ஃபோர்ஸ் ஆஃப்' அடிச்சுப் பார்த்தேன், அணைஞ்ச உடனே எரிஞ்சுது. ஆஹா மாட்டுச்சுடான்னு நினைச்சேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சுது, என்டர் கீய அமுக்குறது ஒரு ஈவென்ட்னா விரலை எடுக்கறதும் ஒரு ஈவென்ட், நான் விரலை எடுத்ததுலதான் அது முழிச்சிருக்கு! முன்னாடி 'ஸ்லீப் 1'னு போட்டு ஒரு செகண்ட் விட்டு அணைக்கணும். நீங்களும் இப்படி டெஸ்ட் பண்ணி ஏமாந்திருந்தா வெக்கப்படாதீங்க.

அப்புறம் ஆட்டோஸ்டார்ட் ஸ்கிரிப்டை (லாகின் ஆனதும் தானா ஓடற கமாண்டுகள்) தோண்டினா, எப்பவோ படம் பாக்கறப்போ ஸ்கிரீன் அணையுதுன்னு நானே போட்டு வச்ச, டிபிஎம்எஸை நிறுத்தற 'எக்ஸ்செட் மைனஸ் டிபிஎம்எஸ்' ஒரு மூலையில கிடந்துது. போட்டதே ஞாபகம் இல்ல. எக்ஸ்ஸ்கிரீன்சேவர்ங்கற ஸ்கிரீன்சேவர் புரோகிராமும் இருந்துது, அது தன்னோட செட்டிங்கை எடுத்து எக்ஸ் சர்வர் (எக்ஸ்11ஓட மெயின் புரோகிராம்) மேல எழுதிடும், அதனாலதான் நீங்க டெர்மினல்ல எதை மாத்தினாலும் பழைய நம்பரே திரும்பி வந்து நிக்கும். எல்லாத்தையும் தூக்கினேன். எரிஞ்சுது. கடைசியில சிஸ்டத்தையே அழிச்சுட்டு புதுசா இன்ஸ்டால் பண்ணேன், ஞாயித்துக்கிழமை முழுக்க போச்சு, அன்னைக்கு ராத்திரியும் எரிஞ்சுது.

ஒரு ஹெல்ப் குரூப்ல கேட்டேன். மொத பதில் "வேற டிஸ்ட்ரோ போடுங்க". ரெண்டாவது பதில் "எனக்கு அந்தப் பிரச்சினை இல்லையே". இல்லாட்டி எதுக்குய்யா பதில் போடுற?

மூணாவது வாரம், நடுராத்திரி ரெண்டு மணி இருக்கும், தூக்கம் வராம கட்டில்ல இருந்தே மேஜையப் பார்த்துட்டு இருந்தேன். ரூம் கும்மிருட்டு. மவுஸ் அடியில இருந்து சிவப்பு வெளிச்சம் லேசா கசிஞ்சிட்டு இருக்கு, ஆப்டிகல் மவுஸ் சும்மா இருந்தா அந்த லைட்டைக் குறைச்சு மங்கலா வச்சுக்கும், கவனிச்சிருப்பீங்க. பார்த்துட்டே இருக்கேன், யாரும் தொடல, காத்து கூட இல்ல, அந்த சிவப்பு சட்டுனு பிரகாசமாச்சு. அடுத்த செகண்ட் மானிட்டர் எரிஞ்சுது.

மவுஸ்! எந்திரிச்சுப் போய் அதைக் கவுத்துப் போட்டுட்டுப் படுத்தேன். விடியற வரைக்கும் ஒரு தடவை கூட எரியல.

என்ன நடந்துச்சுன்னா, அதே சனிக்கிழமை மேஜையத் துடைக்கறப்போ கிழிஞ்சுபோன மவுஸ் பேடைத் தூக்கிப் போட்டிருக்கேன். அதுக்கு அடியில மேஜை மேல கண்ணாடி. ஆப்டிகல் மவுஸ்ங்கறது குட்டி கேமரா மாதிரி, செகண்டுக்கு ஆயிரக்கணக்குல தரையப் படம் எடுத்து முன்ன எடுத்த படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும், கண்ணாடியில அதுக்குப் பிடிமானமா ஒண்ணும் தெரியாது, அதனால இல்லாத அசைவு இருக்கற மாதிரி நினைச்சுக்கும். காலையில, மவுஸ், கீபோர்டுல இருந்து என்ன வருதுன்னு காட்டற 'லிப்இன்புட் டீபக் ஈவென்ட்ஸ்' கமாண்டை சூடோ (அட்மின் அனுமதி) போட்டு ஓடவிட்டு, அவுட்புட்டை ஒரு ஃபைலுக்கு அனுப்பிட்டு (ஸ்கிரீன் அணைஞ்சிருக்கறப்போ எங்க போய் பார்ப்பீங்க, அதான் ஃபைல்), அரை மணி கழிச்சு வந்து பார்த்தா யாரும் தொடாத மவுஸ் பேர்ல பாயின்டர் மோஷன் வரிசையா நிக்குது, ஒரு தடவை வலப்பக்கம் 1, அடுத்தது இடப்பக்கம் 1. கர்சர் கண்ணுக்கே தெரியாத அளவு நடுங்கியிருக்கு. அதுக்கு நான் சிஸ்டத்தையே ஃபார்மேட் பண்ணியிருக்கேன்.

ஒரு பழைய நோட்டு அட்டையக் கிழிச்சு மவுஸ் அடியில வச்சேன், இன்னைக்கு வரைக்கும் அதேதான் ஓடுது.

இதைச் சொன்னா "அப்போ அது லினக்ஸ் பிரச்சினையே இல்லையே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். ஆமா சார், இல்லதான். ஆனா பிரச்சினை வந்தவனுக்கு லினக்ஸ் பிரச்சினை மாதிரியேதான் தெரிஞ்சுது, அதனாலதான் சொல்றேன்.

இப்போ உங்க விஷயத்துக்கு வரேன். உண்மையச் சொல்லணும்னா என் கதை உங்களுக்குப் பொருந்தாமலும் போகலாம். எனக்கு எரியறதுல ஒரு கணக்கே இருக்காது, சில நாள் அஞ்சு செகண்ட், சில நாள் இருபது நிமிஷம். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் அதே அஞ்சாறு செகண்ட்னா அது மவுஸ் மாதிரி தெரியல, கேபிளும் மானிட்டரும் சேர்ந்து பண்ற வேலை. சிக்னல் நின்னதும் சில மானிட்டர் தூங்கறதுக்கு முன்னாடி மத்த போர்ட்டுல ஏதாவது வருதான்னு ஒவ்வொண்ணா தேடும், இல்லாட்டி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் ஹாட்பிளக் லைனையே விட்டுடும். அந்த லைன்லதான் "நான் இங்க இருக்கேன்"னு மானிட்டர் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், ஹெச்டிஎம்ஐல 19வது பின், டிஸ்ப்ளேபோர்ட்ல 18வது பின். அது விழுந்து எழுந்தா கெர்னலுக்கு யாரோ மானிட்டரைப் பிடுங்கி மறுபடி சொருகின மாதிரி, டெஸ்க்டாப் உடனே "வாங்க வாங்க"ன்னு ஸ்கிரீனை எழுப்பிடும். மறுபடி அணைக்கும், மறுபடி தேடும், விடிய விடிய இதே கூத்து. ரெண்டு மானிட்டர் வச்சிருக்கவங்களுக்கு விண்டோ எல்லாம் இடம் மாறிக் கிடக்கறதும் பெரும்பாலும் இதனாலதான்.

ஹார்ட்வேர்ல நடக்கற மாற்றத்தைக் காட்டற 'யூடெவ்அட்ம் மானிட்டர்' கமாண்டை ஓடவிட்டுப் பாருங்க, எரியற நேரத்துல டிஆர்எம்னு (கெர்னல்ல டிஸ்ப்ளேவைப் பார்த்துக்கற பகுதி) சேஞ்ச் வரி வந்தா இதேதான். மானிட்டர் மெனுவுல ஆட்டோ இன்புட்னு இருக்கறதை அணைச்சு போர்ட்டை நீங்களே ஃபிக்ஸ் பண்ணுங்க, டீப் ஸ்லீப்னு ஒண்ணு இருந்தா அதையும் அணைச்சுப் பாருங்க. நான் சொந்தமா ஒரு தடவை இதைப் பார்த்தேன், ஆபீஸ் மானிட்டர்ல, ஆட்டோ இன்புட்டை அணைச்சதும் நின்னுடுச்சு. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்னா இன்னொண்ணு, 20வது பின் பவருக்கானது, சாதாரண கேபிள்ல அந்தக் கம்பி ரெண்டு பக்கமும் இணைஞ்சிருக்கவே கூடாது. மலிவு கேபிள் சிலதுல இணைச்சிருப்பாங்க, கரண்ட் எதிர்ப்பக்கம் ஏறி விசித்திரமா எல்லாம் நடக்கும். வேற கேபிள் கையில இருந்தா மாத்திப் பாருங்க.

வேலண்ட்ல இருக்கீங்கன்னா (எக்ஸ்11க்குப் பதிலா வந்த புது முறை, இப்போ பல டிஸ்ட்ரோல அதான் டீஃபால்ட்) எக்ஸ்செட் காட்டுறதை நம்பாதீங்க, அது உங்க மானிட்டரைத் தொடவே தொடாது. க்னோம் டெஸ்க்டாப்ல 'ஐடில் டிலே'ன்னு ஒரு செட்டிங், கேடிஇ டெஸ்க்டாப்ல 'கேஸ்கிரீன் டாக்டர்'னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுலதான் அணைச்சு டெஸ்ட் பண்ணணும். க்னோம்ல லாக் ஸ்கிரீனுக்கு நோட்டிஃபிகேஷன் வந்தாலும் ஸ்கிரீன் முழிச்சுக்கும், அதை செட்டிங்ஸ்ல நிறுத்தலாம். அணையவே மாட்டேங்குதுன்னா அது வேற கேஸ், பிரவுசர்ல ஏதாவது வீடியோ ஓடிட்டு தூங்கவிடாம பிடிச்சு வச்சிருக்கும்.

கருப்பா இருந்தா அணைஞ்சுடுச்சுன்னும் நினைச்சுடாதீங்க. இருட்டுல பார்த்தா லேசா சாம்பல் கலர்ல ஒளிருதுன்னா பேக்லைட் எரிஞ்சிட்டுதான் இருக்கு, வெறும் கருப்பு படம் காட்டுது, எல்சிடில கரண்ட் கிட்டத்தட்ட அதே அளவு போகும். ஓஎல்இடிகாரங்க சண்டைக்கு வராதீங்க, உங்களது வேற.

சம்பந்தம் இல்லாம ஒண்ணு. இந்த மவுஸ் கதையப் பெருமையா ஒரு குடும்ப விசேஷத்துல சொல்லித் தொலைச்சேன். அதுல இருந்து சித்தப்பா அவர் பிரிண்டருக்கு எனக்கு போன் பண்றார். பிரிண்டர் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது சித்தப்பான்னா, "அதான் கவுத்துப் போட்டு சரி பண்ணியாமே, இதையும் வந்து பாருப்பா"ங்கறார். நாலு வருஷமா இதே கதை. வராட்டி அப்பாகிட்ட சொல்லி வருத்தப்படறார். போன வாரம் கூட போய் பேப்பர் ஜாம் எடுத்துட்டு வந்தேன், அதுக்கு ஏன் நான்?

சரி விடுங்க. இன்னைக்கு ராத்திரி மவுஸைக் கவுத்துப் போடுங்க, வயர்லெஸ்னா அதோட டாங்கிளையும் (யுஎஸ்பில சொருகற குட்டி ரிசீவர்) பிடுங்கிடுங்க, கேம் கன்ட்ரோலர் சொருகியிருந்தா அதையும். அப்பவும் எரிஞ்சா யூடெவ்அட்ம்ல வந்த வரிகளைக் கமெண்ட்ல போடுங்க, எந்த கேபிள்னும் சேர்த்து சொல்லுங்க, பார்க்கலாம்.