கசியும் ஹாகி கோப்பையும் துருப்பிடித்த கெட்டிலும்

கேள்வி: யோகோஹாமாவில் குடும்பத்தோடு இருக்கிறோம். போன வருடம் ஹாகி நகரத்துக்குப் போனபோது ஒரு ஜோடி தேநீர்க் கோப்பையும், பிறகு மொரியோகாவில் ஒரு வார்ப்பிரும்புக் கெட்டிலும் வாங்கினோம். இரண்டுமே நல்ல விலை. இப்போது ஒரு கோப்பையை வைத்த இடத்தில் ஈர வளையம் விழுகிறது. உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடுகின்றன. அடி வளையத்தில் ஒரு துண்டு வெட்டுப்பட்டிருப்பதையும் இப்போதுதான் பார்த்தேன். கெட்டிலின் உட்புறம் சிவந்து துருவேறிவிட்டது. கம்பி நாரால் தேய்த்தாலும் மறுநாள் திரும்ப வந்துவிடுகிறது. ஏமாந்துவிட்டோமா? கோவையில் அக்கா புது வீடு கட்டியிருக்கிறார், மாடித்தோட்டமும் உண்டு. புதுமனை புகுவிழாவுக்கு இதே மாதிரி ஏதாவது கொண்டுபோகலாம் என்றிருந்தோம். கைவேலைப் பிரியையான அக்கா மகளுக்கு ஒரு கின்ட்சுகி கிட் (உடைந்த பாத்திரத்தை ஒட்டி, ஒட்டிய கோட்டைத் தங்கத்தூளால் அலங்கரிக்கும் ஜப்பானிய முறைக்கான பொருட்கள்) வாங்கலாமா?

பதில்: ஏமாறவில்லை. ஆனால் அந்தக் கம்பி நாரை முதலில் கெட்டிலை விட்டுத் தூரமாக எடுத்து வையுங்கள். கடைக்காரர் செய்த குறை ஒன்றும் இதில் தெரியவில்லை, கம்பி நார்தான் குறை செய்துகொண்டிருக்கிறது.

கோப்பையிலிருந்து தொடங்குவோம். ஹாகி, யமகுச்சி மாகாணத்தில் கடலோரமாக இருக்கும் பழைய கோட்டை நகரம். 1592 முதல் 1598 வரை, அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி கொரியா மீது நடத்திய படையெடுப்புகளின்போது பல கொரியக் குயவர்கள் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1604இல் மோரி குலத் தலைவர் ஹாகிக்கு இடம் மாறியபோது, அவர்களில் இரண்டு சகோதரர்கள் அங்கே சூளை போட்டார்கள். ஹாகி மண்பாண்டத்தின் தொடக்கம் அது. தேநீர்ச் சடங்குக்கான கிண்ணங்களில் முதலாவது ராகு, இரண்டாவது ஹாகி, மூன்றாவது கராட்சு என்று ஜப்பானியர் வரிசைப்படுத்திச் சொல்வதுண்டு.

அந்த மண் கரடுமுரடானது, சுட்டபிறகும் முழுக்க இறுகாது. பீங்கான் மாதிரி கண்ணாடித்தன்மை அடையாமல் உள்ளே நுண்துளைகள் அப்படியே நிற்கும். மேலே பூசும் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு சூளையில் ஆறும்போது மண்ணைவிட அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது, ஆனால் மண் அதை விடுவதில்லை. அதனால் மேற்பரப்பு முழுக்க முடி போன்ற வெடிப்புகள் விழுகின்றன. தேநீர் அந்த வெடிப்புக்குள் இறங்கிச் சாயம் ஏற்றுகிறது. நீங்கள் பார்த்த பழுப்புக் கோடுகள் அவைதான். வருடக்கணக்காகப் புழங்கினால் கோப்பையின் நிறமே மாறும். இந்த மாற்றத்துக்காகவே தேநீர்ப் பிரியர்கள் ஹாகியைத் தேடி வாங்குகிறார்கள்.

அடியில் இருக்கும் வெட்டும் உடைசல் அல்ல, குயவரே வேண்டுமென்று வெட்டியது. ஹாகி பாண்டங்களில் அடிக்கடி பார்க்கலாம். பிரபுவுக்குப் போக வேண்டிய சரக்கில் இப்படிக் 'குறை' வைத்துச் சாதாரண மக்களுக்கு விற்றார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதைதான், நம்புவது உங்கள் விருப்பம். ஜோடியில் ஒன்று சின்னதாக இருந்தால் அதையும் குறை என்று நினைக்க வேண்டாம். கணவனுக்குப் பெரியது, மனைவிக்குச் சின்னது என்ற பழைய வழக்கத்தில் செய்தது அது. (உங்கள் வீட்டில் யார் அதிகம் டீ குடிப்பவரோ அவர் பெரியதை எடுத்துக்கொள்ளலாம்.)

சரி, கசிவை என்ன செய்வது? முதலில் அது நுண்துளைக் கசிவா, விரிசலா என்று பார்த்துவிடுங்கள். கோப்பையில் தண்ணீர் நிரப்பி வெள்ளைக் காகிதத்தின் மேல் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். அடி முழுக்கப் பரவலாக வேர்த்து, காகிதம் வட்டமாக நனைந்தால் நுண்துளை. ஒரே கோட்டில் சொட்டு இறங்கினால் விரிசல். உங்களிடம் ஜோடி இருப்பது வசதி. இரண்டையும் விரலால் சுண்டிப் பாருங்கள். ஹாகி எப்போதுமே மந்தமாகத்தான் ஒலிக்கும் என்றாலும், விரிசல் விட்டதில் மட்டும் ஒரு கரகரப்பு கூடுதலாகக் கேட்கும்.

நுண்துளை என்றால் மருந்து உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. நம் ஊரில் புதுச் சட்டியைக் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குவார்கள் இல்லையா, ஜப்பானில் செய்வதும் அதேதான். பாத்திரத்தின் அடியில் ஒரு துணியை விரித்து, கோப்பையை வைத்து, அரிசி களைந்த கெட்டியான கழுநீரை அது மூழ்கும்வரை ஊற்றுங்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே கோப்பையைப் போட்டுவிட வேண்டும். கொதிக்கும் நீரில் போட்டால் வெடிக்கும். சிறு தீயில் சூடாக்கி, கொதி வந்தபிறகு இருபது நிமிடம் போல விட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். அப்படியே ஆறட்டும், அவசரப்பட்டு எடுக்காதீர்கள். மாவுச்சத்து துளைகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்வது இந்த நேரத்தில்தான். அப்புறம் நன்றாக அலசி, நிழலில் கவிழ்த்து வைத்து, அடிமண் வரை காயவிடுங்கள். ஒரு தடவையில் நிற்காவிட்டால் மறுபடி செய்யலாம். தினமும் தேநீர் குடித்தாலே அந்தக் கறையும் போகப்போகத் துளையை அடைக்கும். கோப்பையோடு வந்த சீட்டில் நீர்க்காப்புப் பூச்சு கொடுத்திருப்பதாக எழுதியிருந்தால் மட்டும் இந்த வேலை தேவையில்லை. ஆனால் அப்படிப் பூசியிருந்தால் பெரும்பாலும் உங்களுக்கு ஈர வளையமே விழுந்திருக்காது.

தினசரிப் புழக்கத்தில், ஊற்றுவதற்கு முன் கோப்பையை ஒரு நிமிடம் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். துளைகளில் முதலில் நல்ல தண்ணீர் ஏறிக்கொண்டால் சாயம் குறைவாக ஏறும். மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஹாகிக்கு ஆகாது. பால் கலந்த டீயும் காபியும் குடிக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் பால் துளைக்குள் தங்கினால் வாடை வரும், பூஞ்சையும் பிடிக்கும். அப்படி ஆனால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் மெல்லக் காய்ச்சி, முழுக்க உலர்த்துங்கள். குளோரின் பிளீச் வேண்டாம், அந்த வாடை உள்ளே போனால் வெளியே வர வெகு நாளாகும். என்னைக் கேட்டால் ஹாகியைப் பால் சேர்க்காத தேநீருக்கு ஒதுக்கிவிட்டு, காலைக் காபிக்கு டபராவே போதும் என்பேன்.

இனி கெட்டில். மொரியோகா இருக்கும் இவாதே மாகாணத்தின் ‘நம்பு’ (Nambu) என்ற பெயருள்ள இரும்புப் பொருட்கள் 1975இல் ஜப்பானிய அரசின் பாரம்பரியக் கைவினைப் பட்டியலில் ஏறியவை. இந்தப் பெயரில் கடையில் இரண்டு வேறு பொருட்கள் விற்கும், பலர் குழம்புவது இங்கேதான். உட்புறம் கறுப்பாகப் பளபளவென்று எனாமல் பூசி, சல்லடைக் கிண்ணம் ஒன்றோடு வந்தால் அது தேநீர்ப் பாத்திரம். அதை அடுப்பில் வைக்கவே கூடாது. உள்ளே பூச்சில்லாமல் சாம்பல் நிறமாக மங்கியிருப்பதுதான் தண்ணீர் கொதிக்கவைக்கும் உண்மையான கெட்டில். உங்களுடையது துருப்பிடித்திருப்பதால் இரண்டாவது வகை என்று தெரிகிறது.

அதன் உட்புறம் வெறும் இரும்பு அல்ல. செய்யும்போதே கரித்தணலில் 800 டிகிரிக்கு மேல் சுட்டு ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறார்கள், துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். கம்பி நார் முதலில் அதைத்தான் சுரண்டி எடுத்துவிடுகிறது, அடியில் இருக்கும் பச்சை இரும்பு ஈரத்தைப் பார்த்ததும் துருப்பிடிக்கிறது. அதைத் தேய்க்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் போகிறது. அதனால் இனி உள்ளே கை, நார், சோப்பு எதுவும் போகக்கூடாது.

இப்போது தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அந்தத் துருவைப் பற்றிக் கவலையே வேண்டாம், தொடர்ந்து பயன்படுத்தலாம். சிவப்பாக இருந்தால் பச்சைத் தேயிலை வைத்தியம் செய்யுங்கள். ஒருமுறை வடித்த இலையே போதும். துணிப்பையில் கட்டிப் போட்டு, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் அரை மணி நேரம் காய்ச்சுங்கள். தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து தண்ணீர் மையாகக் கறுத்துப்போகும். பயப்படாதீர்கள், கறுத்தால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம். துருவின் மேல் கறுப்புப் படலம் உட்காருகிறது. சில மணி நேரம் அப்படியே விட்டுக் கொட்டிவிட்டு, வெறும் தண்ணீரை இரண்டு மூன்று முறை கொதிக்கவைத்து ஊற்றிவிடுங்கள். இன்னும் சிவந்தால் மறுபடி ஒரு தடவை.

அதன்பிறகு கொஞ்ச நாள் கால்சியம் அதிகமுள்ள கடின நீரைக் கொதிக்கவைப்பது நல்லது. ஜப்பானியக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். கடையில் விற்கும் கடின மினரல் வாட்டரைப் பயன்படுத்தலாம். உள்ளே வெள்ளையாக உப்புப் படியும், அதுவும் துருவுக்குக் காவல்தான். எலக்ட்ரிக் கெட்டிலில் செய்வதுபோல எலுமிச்சையோ வினிகரோ ஊற்றி எடுத்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரை முழுக்க வடித்து, மூடியைத் திறந்து வைத்தால் கெட்டிலின் சூட்டிலேயே காய்ந்துவிடும். இரவு முழுக்கத் தண்ணீர் நின்றால் செய்ததெல்லாம் வீண். இந்தத் தண்ணீரில் கொஞ்சம் இரும்புச்சத்து சேர்வது உண்மை. அதற்காகச் சோகைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கெட்டிலை நம்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இவ்வளவு பக்குவம் தேவைப்படும் பொருளை அக்காவுக்குக் கொடுக்கலாமா? அவர் கேட்டு வாங்கினால் ஒழிய வேண்டாம் என்பதே என் கருத்து. மஞ்சளும் எண்ணெயும் புழங்கும் வீட்டில் கோப்பையும் தட்டும் கொடுப்பதென்றால் பீங்கான் கொடுங்கள். சாகா மாகாணத்து அரிதா, பக்கத்தில் நாகசாகி மாகாணத்து ஹாசாமி இரண்டுமே நல்ல ஊர்கள். அரிதா கொஞ்சம் அலங்காரமானது. ஹாசாமி தினசரிப் பாத்திரத்துக்குப் பேர்போனது, விலையும் தாங்கும். தண்ணீரை உறிஞ்சாது, கறை ஏறாது. தங்க வேலைப்பாடு இல்லாததை எடுத்தால் மைக்ரோவேவிலும் வைக்கலாம். பெட்டியில் ஐந்து இருக்கிறதே, நான்கு கிடைக்காதா என்று தேடாதீர்கள். ஜப்பானிய மொழியில் நான்கும் சாவும் ஒரே ஓசை என்பதால் அங்கே ஐந்தாகத்தான் அடுக்குவார்கள்.

மாடித்தோட்டத்துக்கு என்றால் டோகோனாமே தொட்டி. ஐச்சி மாகாணத்தில் இருக்கும் டோகோனாமே, ஜப்பானின் ஆறு பழஞ்சூளை ஊர்களில் ஒன்று, போன்சாய் தொட்டிகளுக்குப் பெயர் பெற்றது. கிளேஸ் இல்லாத செம்பழுப்புத் தொட்டி எந்தச் செடிக்கும் எடுப்பாக இருக்கும். அடியில் வடிகால் துளை இருக்கிறதா என்று கட்டாயம் திருப்பிப் பாருங்கள். பூ அலங்காரத்துக்கான துளையில்லாத கிண்ணங்களும் கடையில் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். பெரிய துளையைச் சுற்றிச் சின்னத் துளைகள் இருந்தால் அவை செடியைக் கம்பியால் கட்டி நிறுத்துவதற்கு.

இவாதேயின் இரும்புக் காற்றுமணியும் நல்ல பரிசு. அங்கே மிசுசாவா ரயில் நிலையத்தில் கோடைக்காலம் முழுக்க அவற்றைத் தொங்கவிடுவார்கள். பாதுகாக்க வேண்டிய ஜப்பானின் 100 ஒலிகளில் ஒன்றாக 1996இல் தேர்வானது அந்தச் சத்தம். கோவைக் காற்றுக்கு நன்றாகவே பேசும். நாவில் கட்டியிருக்கும் காகிதச் சீட்டுதான் காற்றைப் பிடிப்பது, அது கிழிந்தால் மணி ஊமை. மாற்றுச் சீட்டு இரண்டு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், மழை படாத கூரைக்குக் கீழே மாட்டச் சொல்லுங்கள். ஷிகராகி ஊரின் தானுகி (நாய் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டு விலங்கு) பொம்மையைத் தோட்டத்துக்கு வாங்கும் ஆசை வந்தால், முதலில் அக்காவுக்குப் படம் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். வைக்கோல் தொப்பியும் கையில் மதுக்குடுவையும் பெருத்த தொந்தியும் சரி, தொந்திக்குக் கீழே இருப்பதற்குக் கோவை மாமியார்களிடம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

கின்ட்சுகி கிட்டில் எச்சரிக்கையாக இருங்கள். மலிவாக வருவதில் பெரும்பாலும் எபாக்சி பசையும் பித்தளைத் தூளும்தான் இருக்கும். ஒட்டிய பாத்திரத்தை அலங்காரத்துக்கு வைக்கலாம், அதில் சாப்பிட வேண்டாம். அசல் கின்ட்சுகிக்கு உருஷி என்ற மரப்பாலைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மரம் நம் சேங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரமாக இருக்கும்போது தோலில் பட்டால் தடித்து அரிக்கும். அக்கா மகளுக்கு மாம்பால் பட்டாலே புண்ணாகும் என்றால் உருஷி கிட் வேண்டவே வேண்டாம். மற்றபடி, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு பொறுமையாகச் செய்யக்கூடிய வயது என்றால் வாங்குங்கள். உருஷி இறுக ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கோடையில் செய்தால் ஈரத்துணி வைத்த மூடிய அட்டைப்பெட்டிக்குள் வைக்க வேண்டியிருக்கும், மழைக்காலம் என்றால் சுலபம். ஒவ்வொரு பூச்சாக இறுகி முடிய வாரக்கணக்காகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.