வாசகர் கேள்வி–பதில்: வேதாளம் ஏன் இப்போது இனிக்கவில்லை?

கேள்வி: சின்ன வயதில் அம்புலிமாமா என்றால் உயிர். அதில் வந்த மாயாஜாலத் தொடர் ஒன்றையும் வேதாளக் கதைகளையும் இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தோம். போன வாரம் இரண்டே நாளில் படித்து முடித்தேன். சப்பென்று இருந்தது. கதை மட்டமா, எனக்கு வயதாகிவிட்டதா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: 'இரண்டே நாள்' என்கிறீர்களே, கோளாறு முக்கால்வாசி அங்கேதான். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா மாத இதழ். 24 தவணை ஓடிய தொடர் என்றால் இரண்டு வருடம் காத்திருந்து படிக்க வேண்டியது. ஒவ்வொரு தவணையும் முன்கதைச் சுருக்கத்தோடு ஆரம்பிக்கும். குகை வாசலிலோ ராட்சசன் பிடியிலோ 'தொடரும்' என்று நிற்கும். அடுத்த இதழ் வருவதற்குள் பிள்ளைகள் மனசுக்குள் பத்து விதமாகக் கதையை முடித்துப் பார்த்துவிடுவார்கள். தாளைத் திருப்பினாலே அடுத்த தவணை என்றால் அதற்கு ஏது நேரம்? முன்கதை அலுக்கிறது, ஆபத்து அரைப் பக்கத்தில் தீர்ந்துபோகிறது.

வேதாளக் கதைகளில் இது இன்னும் பட்டவர்த்தனம். வடமொழி மூலத்தில் 25 கதைகள்தான். அவை தீர்ந்த பிறகும் அதே சட்டத்துக்குள் புதுக் கதைகளை வைத்துப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். மரம் ஏறுவது, பிணத்தை இறக்குவது, கேள்வி, மௌனம் கலைவது, மறுபடி முருங்கை மரம். தொடர்ந்து ஐந்து படித்தால் யாருக்கும் சலிக்கும். ராத்திரிக்கு ஒன்று போதும். வேதாளம் கேள்வி கேட்டதும் புத்தகத்தை மூடிவிடுங்கள். விக்கிரமன் என்ன சொல்வான் என்று வீட்டில் எல்லோரும் வாய்விட்டு வாதாடிய பிறகு திறங்கள். அந்தக் கதைகள் கட்டப்பட்டதே அந்த வாதத்துக்காக.

பைண்டிங்கையும் பாருங்கள். ஓரம் வெட்டும்போது படத்தின் விளிம்பு போயிருக்கும். முதுகுப் பக்கம் இறுக்கித் தைத்திருந்தால் மீதிப் படம் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அம்புலிமாமாவில் படம் பாதிக் கதை. தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமன் நடப்பானே, அதை வரைந்த ஓவியர் சங்கர் 1952-இல் அங்கே சேர்ந்தவர். அந்தப் படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். எழும்பூர் கன்னிமரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டிலும் பழைய இதழ்கள் உண்டு. வேண்டிய மாதம், வருடத்தைச் சொல்லி, இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பெரிய தொடரை ஞாயிறுதோறும் ஒரு தவணை, முன்கதையைத் தாண்டி, நான்கு வாரம் படியுங்கள். புதன், வியாழன் வாக்கில் 'அவன் எப்படித் தப்புவான்' என்று நினைப்பு ஓடினால் தொடருக்கு உயிர் இருக்கிறது. ஓடாவிட்டால் கதை மெலிந்ததுதான்; தயங்காமல் வேறு எடுங்கள்.

நிதானமாகப் படித்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. இந்த வகைக் கதைகள் பலவற்றில் ராட்சசனைக் கொன்றவனுக்கு இளவரசியைப் பரிசாகக் கொடுத்துவிடுகிறார்கள். அவளிடம் யாரும் கேட்பதில்லை. அது இன்று உங்களுக்கு உறுத்தினால் நல்லதே. குழந்தைகளுக்குப் படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் நிறுத்தி, வேதாளத்தின் கேள்வியாக அதையே கேளுங்கள்.

கேள்வி: ஹாரி பாட்டர் 7 பாகங்களையும் மறுபடி தொடங்கினேன். ஐந்தாவதில் நின்றுவிட்டேன்.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: பிரிட்டிஷ் பதிப்பில் முதல் பாகம் 223 பக்கம், ஐந்தாவது 766. அதோடு, நான்காவது 2000-இலும் ஐந்தாவது 2003-இலும் வந்தன. அன்றைய வாசகர்களுக்கு நடுவில் மூன்று வருட இளைப்பாறல் இருந்தது. நீங்கள் மூச்சு வாங்காமல் ஏறியிருக்கிறீர்கள். ஒரு மாதம் வேறு ஏதாவது படித்துவிட்டு, நாளைக்கு 25 பக்கம் வீதம் எடுங்கள். 31 நாளில் முடிந்துவிடும்.