வாயு மின்னிறக்கக் குழாய்கள்: கேள்வி பதில்

கேள்வி: காற்று மின்சாரத்தைக் கடத்தாது என்கிறோம். குழாயில் அடைத்த வாயு மட்டும் எப்படிக் கடத்துகிறது?

பதில்: காஸ்மிக் கதிர்களாலும் இயற்கைக் கதிரியக்கத்தாலும் எந்த வாயுவிலும் சில எலக்ட்ரான்கள் தனித்துத் திரிந்துகொண்டுதான் இருக்கும். சாதாரண அழுத்தத்தில் அவை வேகம் பிடிப்பதற்குள் எதிலாவது மோதி ஆற்றலை இழந்துவிடுகின்றன. அழுத்தத்தைச் சில மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் குறைத்தால், மோதல்களுக்கு இடைப்பட்ட தூரம் நீண்டு, வேகமெடுத்த எலக்ட்ரான் அணுவிலிருந்து இன்னொன்றைப் பெயர்த்தெடுக்கிறது. இப்படிப் பெருகும்போது உண்டாகும் நேர் அயனிகள் (எலக்ட்ரானை இழந்த அணுக்கள்) எதிர்மின்வாயில் மோதிப் புதிய எலக்ட்ரான்களை விடுவிப்பதால், மின்னிறக்கம், அதாவது வாயு வழியே மின்சாரம் பாய்வது, தானே நிலைத்து நிற்கிறது. வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றினாலோ மோதுவதற்கு அணுக்களே போதாமல், தேவைப்படும் மின்னழுத்தம் மீண்டும் ஏறிவிடும். அழுத்தத்தையும் மின்வாய்களின் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையே இந்த மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது என்று 1889இல் ஜெர்மன் இயற்பியலாளர் பாஷன் காட்டினார். காற்றுக்கு அம்மின்னழுத்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு ஏறக்குறைய 330 வோல்ட்.

கேள்வி: நியான் ஏன் சிவப்பாகவே ஒளிர்கிறது?

பதில்: எல்லா மோதலும் அணுவை அயனியாக்குவதில்லை. நியானை அயனியாக்க 21.6 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். அதற்குக் குறைந்த ஆற்றலுள்ள மோதல்கள் அணுவை மேல் ஆற்றல்நிலைக்கு உயர்த்துவதோடு நின்றுவிடுகின்றன. அணு அங்கிருந்து நேரே அடிநிலைக்கு விழுந்தால்தான் ஒளி வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த வீழ்ச்சியில் பிறப்பது தொலைப் புற ஊதாக் கதிர். கண்ணாடி அதை வெளியே விடாது. நாம் காணும் நிறம், சுமார் 18.4 முதல் 19 எலக்ட்ரான்வோல்ட் வரையிலான நிலைகளிலிருந்து 16.6 முதல் 16.8 வரையிலான நிலைகளுக்கு அணு இறங்கும் இடைப்படியில் பிறக்கிறது. அந்த வேறுபாடு ஏறத்தாழ 2 எலக்ட்ரான்வோல்ட், அதாவது செம்மஞ்சள் ஒளி. நியான் விளக்கு என்று அழைக்கப்படும் நீல விளக்குகளில் பெரும்பாலும் நியானே இல்லை, ஆர்கானும் சிறிது பாதரசமும்தான் உள்ளன.

கேள்வி: எதிர்மின்வாய்ப் பக்கம் இருண்ட பட்டைகள் தெரிவது குழாயின் பழுதா?

பதில்: பழுதன்று. எதிர்மின்வாயை விட்டுப் புறப்படும் எலக்ட்ரானிடம் அணுக்களைக் கிளர்த்தும் ஆற்றல் தொடக்கத்தில் இராது. ஆகவே அங்கே இருள். சற்றுத் தள்ளி ஆற்றல் சேர்ந்து மோதும் இடத்தில் பளிச்சென்ற ஒளி. அங்கே ஆற்றலைச் செலவழித்த பின் மீண்டும் இருள், இது ஃபாரடே இருட்பகுதி எனப்படும். அதற்கப்பால் நேர்மின்வாய் வரை நீள்வது ஒளித்தம்பம். குழாயை நீட்டினால் நீள்வது இத்தம்பம் மட்டுமே.

கேள்வி: டியூப்லைட்டுக்குச் சோக் எதற்கு?

பதில்: மின்னோட்டம் கூடினால் அயனிகளும் எலக்ட்ரான்களும் கூடி, குழாயின் மின்தடை மேலும் குறைகிறது. கட்டுப்படுத்த ஆளில்லையென்றால் ஓட்டம் எல்லை மீறி மின்வாய் எரிந்துபோகும். அந்தக் கட்டுப்பாட்டைச் சோக் செய்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றைத் துண்டிக்கும் கணத்தில் குழாயைத் தட்டியெழுப்பும் உயர் மின்னழுத்தத்தைத் தருவதும் அதுவே.