ஆட்கள் குறைந்த பாட்டு

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் நாடுகளில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர்க்காலத் தேவாலய இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஜெர்மன் இசையமைப்பாளர் ஹைன்ரிஷ் ஷூட்ஸின் ‘எங்களுக்குச் சமாதானம் தாரும்’ பாட்டைத் தேடிக் கேட்டேன். 1648-இல் வந்த ஐந்து குரல் பாட்டு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் போர் அதில் எங்கே? ஊரே எரியும்போது இவ்வளவு நிதானமாக ஒருவர் சமாதானத்தை எப்படிக் கேட்க முடியும்?

— கா.

அன்புள்ள கா.,

அந்தச் சொற்கள் ஷூட்ஸுடையவை அல்ல. பழைய லத்தீன் மன்றாட்டு ஒன்றை 1529-இல் சீர்திருத்தத் திருச்சபையைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் ஜெர்மனாக்கியது. துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்ட ஆண்டு அது. சமாதானம் ஏன் உம்மிடம் கேட்கிறோம் என்றால், எங்களுக்காகப் போரிட உம்மைவிட்டால் ஆளில்லை என்கிறது பாட்டு. நீங்கள் நினைக்கிற அளவு சாதுவானதல்ல.

சரி, போர் எங்கே? பாடுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். வெனிஸில் இசையமைப்பாளர் கப்ரியேலியிடம் கற்றுத் திரும்பிய ஷூட்ஸ், 1619-இல் வெளியிட்ட ‘தாவீதின் சங்கீதங்கள்’ (பைபிளின் துதிப்பாடல்கள்) தொகுப்பில் பல பாடகர் குழுக்களும் வாத்தியங்களும் எதிரும் புதிருமாக முழங்கும். 1636-இல் அதே மனிதர் வெளியிட்டது ஒன்றிலிருந்து ஐந்து குரல்வரை மட்டுமே கேட்கும் சின்னச் சின்னப் பாட்டுகள். துணைக்கு ஆர்கன் போல ஏதாவது ஒன்று இருந்தால் போதும். போரால் இசை பல இடங்களில் அடியோடு நின்றுபோனது என்று முன்னுரையிலேயே புலம்புகிறார். அதன் முதல் பாட்டு எழுபதாம் சங்கீதம்: “எனக்குச் சகாயம்பண்ணத் தீவிரியும்.” ஒற்றைக் குரல், பாதி பேச்சு, பாதி பாட்டு. பெரிய குழு பாடியிருந்தால் அந்த அவசரம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். பற்றாக்குறை அவரை நல்ல கலைஞராக்கியது என்று சொல்ல வரவில்லை, அது பசியைப் புகழ்கிற பேச்சு.

அப்புறம், இந்த வகையில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இன்னொரு பாட்டு. 1627-இல் புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற பிரபுக்கள் மூல்ஹவுசன் நகரில் கூடினார்கள். சாக்சனி பிரபுவின் பரிவாரத்தில் ஷூட்ஸும் இசைக்குழுவோடு போனார். அங்கே பாட எழுதியதில் இரண்டு குழுக்கள். ஒன்று லூதர் எடுத்தாண்ட அதே லத்தீன் மன்றாட்டைப் பாடுகிறது: “ஆண்டவரே, எங்கள் நாட்களில் சமாதானம் தாரும்.” இன்னொன்று அதன்மீது, அந்தப் பிரபுக்களை அவரவர் ஆட்சிப்பகுதியின் பெயரால் அழைத்து, வாழ்க, வாழ்க என்று கோஷம் போடுகிறது. மைன்ஸ் வாழ்க, ட்ரியர் வாழ்க, கொலோன் வாழ்க, வெல்லமுடியாத பேரரசர் ஃபெர்டினாண்ட் வாழ்க! போரை நடத்துகிறவர்களின் பெயர்களுக்கு நடுவே மன்றாட்டு வழி தேடி நுழைகிறது. ஷூட்ஸ் இதைக் கிண்டலாக எழுதினார் என்று நான் நம்பவில்லை. அவர் சம்பளக்காரர். ஆனாலும் கேட்கும்போது மன்றாட்டைப் பாடும் அந்த மெல்லிய குழுவின் பக்கம்தான் காது போகிறது.

அந்த வாழ்த்துப் பட்டியலில் அவருடைய எஜமானரான சாக்சனி பிரபுவும் உண்டு. நான்கே வருடத்தில், 1631-இல், அவர் ஸ்வீடனோடு சேர்ந்துகொண்டு அதே பேரரசருக்கு எதிராகப் படை நடத்தினார்.